ஆபரேஷனுக்கு அப்புறம் மூச்சு: பந்து மெஷினை ஊதாதீங்க

உசிலம்பட்டில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்பாவுக்கு 64 வயசு, பீடி உண்டு, அடுத்த மாசம் மதுரையில வயித்த திறந்து குடல் ஆபரேஷன். தெருக்காரர் ஒருத்தருக்கு ஆபரேஷன் முடிஞ்சு நிமோனியா வந்து வெண்டிலேட்டர்ல போட்டாங்களாம், அந்த மெஷினே நுரையீரலைக் கெடுத்துருமா, நாங்க என்ன செய்யணும்னு கேக்குறார்.

தம்பி, வெண்டிலேட்டர்னாலே கடைசி கட்டம்னு நம்ம பக்கம் ஒரு பயம் இருக்கு, ஆனா முழு மயக்கத்துல பண்ற இந்த மாதிரி பெரிய ஆபரேஷன்ல எல்லாருக்குமே மெஷின்தான் மூச்சு குடுக்கும், முடிஞ்சதும் பெரும்பாலும் தியேட்டர்லயே எடுத்துருவாங்க. அந்த நேரத்துல நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கிரும், அப்புறம் தையல் வலிக்குதுன்னு ஆழமா மூச்சு இழுக்காம, இருமாம, மல்லாக்கவே கிடந்தா அங்க சளி தங்கி நிமோனியா வரும்.

முன்னெல்லாம் அந்த மெஷின்ல பெரிய பெரிய மூச்சா குடுப்பாங்க. 2013ல ஃபிரான்ஸ்ல 400 பேர்கிட்ட செஞ்ச ஆய்வுல மூச்சோட அளவைக் குறைச்சு, நுரையீரல் சுருங்காம கொஞ்சம் காத்து அழுத்தமும் குடுத்தப்ப பெரிய சிக்கல்கள் 27.5 சதவீதத்துல இருந்து 10.5க்கு வந்துச்சு. ஆனா 2020ல மெல்போர்ன்ல ரெண்டு குரூப்புக்கும் ஒரே அழுத்தம் வச்சு மூச்சளவை மட்டும் மாத்திப் பாத்தா வித்தியாசமே இல்ல. மூச்சளவு மட்டும் மந்திரம் இல்லைன்னுதான் எனக்குப் படுது. இன்னொண்ணு, அளவை உடம்பு எடையை வச்சு இல்ல, உயரத்தை வச்சுத்தான் கணக்குப் போடுவோம், தொப்பை போட்டா நுரையீரலும் பெருசாகாது பாருங்க. இதெல்லாம் மயக்க டாக்டர் பாத்துக்குவார், நீங்க கூகுள் பண்ணி மண்டையக் குழப்பிக்காதீங்க.

உங்க வேலை இன்னைக்கே ஆரம்பிக்குது. 2018ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல மேல்வயித்து ஆபரேஷனுக்கு வந்த 441 பேர்ல ஒரு பாதிக்கு புக்லெட் மட்டும் குடுத்தாங்க, இன்னொரு பாதிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உக்காந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தார், அவ்வளவுதான், நுரையீரல் சிக்கல் 27 சதவீதம் எங்க, 12 எங்க! பெரியாஸ்பத்திரியோ பிரைவேட்டோ, செக்கப்புக்குப் போறப்பவே பிசியோதெரபிஸ்டைப் பாக்கணும்னு வாய்விட்டுக் கேளுங்க. ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சதுல இருந்து மணிக்கொரு தடவை பத்து மூச்சு மெதுவா ஆழமா இழுக்கணும், தலகாணிய வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமணும், இத வீட்லயே பழகிட்டுப் போகட்டும்.

மூச்சுப் பயிற்சிக்குன்னு மெடிக்கல்ல விக்கிற மூணு பந்து மெஷினை (மூச்சை இழுத்தா உள்ள இருக்குற பந்து மேல எழும்பும்) வாங்கினா அதை ஊதக்கூடாது, உறிஞ்சணும், வார்டுல பாதிப்பேர் பலூன் மாதிரி ஊதிக்கிட்டு இருப்பாங்க. அது இல்லேன்னாலும் ஒண்ணும் குறையில்ல.

பீடிய இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, ஒரு மாசம் கிடைக்குதே அது நல்ல அவகாசம். திடீர்னு விட்டா சளி கூடும்னு டீக்கடையில சொல்றத நம்பாதீங்க. வலி ஊசி வேணாம்னு அப்பா வீராப்பு காட்டினா விடாதீங்க, வலி இருந்தா அவர் இருமவே மாட்டார். டாக்டர் சரின்னதும் கட்டில்ல இருந்து எந்திரிச்சு உக்கார வைங்க, நடக்க வைங்க. காய்ச்சல், மூச்சு வாங்கறது, பேசறப்ப திணறல் தெரிஞ்சா ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க.