கேள்வி–பதில்: மழைச் சாலையும் பிக்கப் வண்டியும்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து சரக்கு வண்டிக்காரர்களின் கடிதங்கள்தான் அதிகம். இந்த முறை அவற்றுக்கே இடம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சொந்த பிக்கப்பில் நானே பூ ஏற்றி ஓட்டுகிறேன். திருநெல்வேலியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஆரல்வாய்மொழி அருகே மழையில் பிரேக் மிதித்தேன். பின்பக்கம் சுழன்று வண்டி குறுக்கே நின்றது. நான்கு டயரும் அண்மையில் வாங்கியவை, பில் இருக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, அவை தயாரித்து ஐந்து ஆண்டு ஆகிறது என்கிறார். கடையில் கேட்டால், “மஞ்சள் போர்டு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது” என்கிறார்கள். — தோவாளை வாசகர்

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் தப்பியது பெரிய ஆறுதல். கடைக்காரர் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வண்டி ஓட்டிப் பிழைக்கும் எத்தனையோ பேரை இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆத்திரம் இது.

வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. காரை வாங்கித் தானே டாக்சியாக ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தெளிவாக்கிவிட்டது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளியின் கதை வேறு. உங்கள் வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள். போர்டின் நிறத்தை வைத்து யாரும் உங்கள் உரிமையைப் பறிக்க முடியாது.

டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு. பல டயர்களில் இந்த நான்கு எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால் தரையில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே, வீல் டிஸ்க்கில் ஏற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். வெயிலில் ஆண்டுக்கணக்காகத் தொங்கிய டயரை வளைத்துப் பார்த்தால் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் பரப்பு, அதன் பள்ளத்தின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். வெளியே கறுப்புப் பாலிஷ் பளபளக்கும். ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும், நனைந்த சாலையில் பிடிமானம் குறைந்துவிடும்.

பழைய இருப்பை விற்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதை மறைத்து, புதுச்சரக்கு என்று முழு விலை வாங்கியது ஏமாற்று. நான்கு டயரின் எண்களையும் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்டில் புகார்க் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அப்படியும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கக் காசு இருக்கிறது. முன்னால் போடச் சொல்கிறது கடை. சரியா? — கருங்கல் வாசகர்

பதில்: பின்னால் போடுங்கள். முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் கை உணரும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழலும், சுதாரிக்க நேரம் கிடைக்காது. பிக்கப்பில் இந்த ஆபத்து கூடுதல். எஞ்சினும் கேபினும் முன்னால் அழுத்துகின்றன. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளோ டன் கணக்கில் சுமை தாங்கச் செய்தவை. லோடு இல்லாதபோது அவை விறைப்பாக நிற்கும், குழியில் இறங்கினால் சக்கரம் துள்ளும். மழையில் வெறும் வண்டிதான் அதிகம் பயப்பட வேண்டியது. முப்பந்தல் பக்கம் பக்கவாட்டுக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் முன் டயர் மொட்டையாக இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்ததைக் காட்டும் சிறு மேடுகள் ஒவ்வொரு டயரிலும் பள்ளத்துக்குள்ளேயே இருக்கின்றன. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் கடன் வாங்கியாவது நான்கையும் மாற்றுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்து வைக்கலாமா? — குலசேகரம்

பதில்: கூடாது. காற்று குறைந்த டயர்தான் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும்.

கேள்வி: முன் சக்கரத்துக்கு ரீபட்டன் டயர் போட்டால் செலவு பாதிதானே? — திருவட்டாறு

பதில்: வேண்டாம். ரீபட்டன் என்பது தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டியது. வளைவில் அந்தப் பட்டன் பிரிந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

கேள்வி: வைப்பர் பிளேடு சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? — தக்கலை

பதில்: நான் வாங்கியிருக்கிறேன். அட்டையில் பெரிய கம்பெனியின் பெயரைப் போலவே ஒரு பெயர், ஓர் எழுத்து மட்டும் வேறு. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் கொட்டும் மழையில் ரப்பர் கழன்று, வெறும் தகடு கண்ணாடியைக் கீறிக்கொண்டு போனது. அந்தக் கீறலில் எதிர் விளக்கின் வெளிச்சம் இன்றும் சிதறுகிறது. தயாரிப்பாளரின் முகவரியும் விலையும் அச்சிடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: மாண்ட்ரியலில் இருக்கும் மகன் பிக்கப் வாங்கியிருக்கிறான். குளிர்கால டயர் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்களாம். விற்பனைத் தந்திரமா? நல்லதென்றால் நம் மழைக்கும் நானே ஒரு செட் வாங்கலாமா? — நட்டாலம்

பதில்: தந்திரம் இல்லை. மாண்ட்ரியல் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். சாதாரண ரப்பர் குளிரில் இறுகிவிடும். ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழேயும் மென்மையாக இருக்கும்படி செய்த ரப்பர்தான் குளிர்கால டயரில் இருப்பது. ‘எம் பிளஸ் எஸ்’ (M+S, சேறும் பனியும்) முத்திரையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த குறிதான் பனியில் சோதித்ததற்கு அடையாளம். பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டைகளை வைத்து இறுகக் கட்டச் சொல்லுங்கள். கட்டாத மூட்டை பிரேக் போட்டதும் முன்னால் பாயும். கொட்டும் பனியைவிட, பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் மேற்பரப்பில் ஈரம் படர்ந்த பனிக்கட்டிதான் கொடியது.

உங்களுக்கு அந்த டயர் வேண்டாம். நம் வெயிலில் மளமளவென்று தேய்ந்துவிடும்.

கேள்வி: களியக்காவிளையில் பில் இல்லாமல் 600 ரூபாய் குறைவாக டயர் வாங்கினேன். ஒரு மாதத்தில் பக்கவாட்டில் புடைத்துவிட்டது. விற்றவர் என்னைத் தெரியாது என்கிறார். பணத்தைத் திரும்பப் பெற வழி சொல்லுங்கள். — குழித்துறை

பதில்: பில் கேட்டிருக்க வேண்டும். பணம் கொடுத்ததற்கு ஜிபே பதிவு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், பார்க்கலாம். அதுவரை புடைத்த டயரைக் கழற்றி வையுங்கள். ஸ்டெப்னியாகக்கூட வைத்திருக்காதீர்கள்.