கணப்பை மூட்டியது யார்?

அன்புள்ள அக்கா,

லீட்ஸில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. போன வருஷம் இந்த இருட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன். இந்த வருஷம் சாரிட்டி கடையில் பழைய துப்பறியும் நாவல்கள் நாலைந்து வாங்கினேன். பனியில் அகப்பட்ட பெரிய பங்களா, கிறிஸ்துமஸ் விருந்தாளிகள், நூலக அறையில் பிணம். ரேடியேட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஐம்பது பக்கம் படிக்கிறேன். பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

அதுதான் உறுத்துகிறது. மார்ச் மாதம் ஊரில் அம்மா போய்விட்டாள். காலையில் வேலைக்கு வரும் அக்காதான் முதலில் பார்த்துப் பக்கத்து வீட்டில் சொன்னாளாம். டிக்கெட் எடுத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வார்டிலும் சாவு பார்க்கிறேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து ஒரு கொலையைப் படித்தால் மனசு அடங்குகிறதென்றால் என்ன அர்த்தம்? "துரைமார் வீட்டுக் கதை, அதில் உனக்கு என்ன இருக்கு?" என்று தோழி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ர., லீட்ஸ்

*

அன்புள்ள ர.,

அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நானும் ஒரு குளிர்காலம் அங்கே இருந்தேன். 2010 டிசம்பர், ஷெஃபீல்ட். நூறு வருஷத்தில் பிரிட்டன் பார்த்த மிகக் குளிர்ந்த டிசம்பர் அது. மாதம் பிறக்கும்போதே முழங்கால் அளவுக்குப் பனி கொட்டி பஸ் நின்றுபோனது. வாடகை அறையில் என்னிடம் இருந்த ஒரே கதைப்புத்தகம் அகதா கிறிஸ்டி 1938-ல் வெளியிட்ட நாவல், அவருடைய பெல்ஜியத் துப்பறிவாளர் புவாரோவின் கிறிஸ்துமஸ் கதை. அதில் ஓரிடம் இன்னும் நினைவிருக்கிறது. புவாரோ ஒரு போலீஸ் உயரதிகாரி வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி தன் வீட்டு விறகுக் கணப்பைப் பெருமையாகப் பேசுகிறார். புவாரோவுக்கோ முதுகுப் பக்கமாக வருகிற குளிர்காற்றுதான் கவலை. அவருக்கு வேண்டியது சென்ட்ரல் ஹீட்டிங். 1960-ல் வந்த கிறிஸ்துமஸ் புட்டிங் கதையிலும் இதே மனுஷர்தான். கிராமத்து மாளிகைக்கு வரவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர், அங்கே எண்ணெயில் ஓடும் ஹீட்டிங் இருக்கிறது என்று சொன்ன பிறகே சம்மதிக்கிறார்.

முதல் உலகப்போரில் பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த அகதிகள் கிறிஸ்டியின் ஊரான டார்க்கீயில் தங்கியிருந்தார்கள். புவாரோ பிறந்தது அவர்களிடமிருந்துதான். அந்த நேரத்தில் கிறிஸ்டி உங்கள் வேலையில்தான் இருந்தார். 1914-ல் உள்ளூர் மருத்துவமனையில் தொண்டர் நர்ஸாகச் சேர்ந்து காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு மருந்துக் கலவைப் பிரிவுக்கு மாறி, வேலை ஓய்ந்த பொழுதுகளில் அங்கேதான் தன் முதல் கதையை யோசித்தார். ஆக, அந்தப் பங்களாவுக்குள் போய் உண்மையைச் சொல்கிறவர் குளிர் ஒத்துக்கொள்ளாத ஒரு அகதி. அவரை எழுதியவர் வார்டில் நின்றவர். உங்கள் தோழிக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளம். தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடக் கூடாது.

ஜெஃபர்சன் ஃபார்ஜியன் 1937-ல் எழுதிய 'மிஸ்டரி இன் வைட்' நீங்கள் வாங்கிய புத்தகங்களில் இருக்கிறதா? 2014-ல் பிரிட்டிஷ் நூலகம் மறுபதிப்புப் போட்டு, அந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்ற நாவல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ரயில் பனியில் நின்றுவிடுகிறது. சில பயணிகள் இறங்கி நடந்து ஒரு வீட்டை அடைகிறார்கள். கதவு திறந்திருக்கிறது. கணப்பில் தீ எரிகிறது, தேநீர் மேசை தயாராக இருக்கிறது, கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது. வீட்டில் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்து இந்த வகைக் கதைகளில் இதைவிடப் பயமுறுத்தும் காட்சி கிடையாது. பிணத்தைப் பார்த்துகூட அவ்வளவு பயம் வருவதில்லை. தீ தானாக மூளாதே! யாரோ குனிந்து சாம்பலை வாரி, கரி போட்டு, பற்றவைத்திருக்க வேண்டும். அந்த ஆள் எங்கே?

அதற்குப் பிறகு எந்தக் குளிர்கால மர்மக் கதையை எடுத்தாலும் நான் கணப்பைத்தான் முதலில் பார்க்கிறேன். அதை மூட்டியது யார்? எத்தனை மணிக்கு எழுந்தாள்?

இப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்ட மாளிகை ஒன்றுக்கு ஒருமுறை போயிருந்தேன். எல்லாரும் விருந்து மண்டபத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பச்சைக் கம்பளித்துணி அறைந்த கதவைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அந்தத் துணி அலங்காரத்துக்கு இல்லை. சமையல்கட்டுச் சத்தமும் வாசனையும் முன்கட்டுக்கு வராமல் தடுக்கத்தான். அதைத் தாண்டியதும் சுண்ணாம்புச் சுவர், குறுகலான படிக்கட்டு. நடைவழிச் சுவரின் உச்சியில் வரிசையாக மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு சுருள்வில்லில் தொங்குகிறது, கீழே அறையின் பெயர் எழுதியிருக்கிறது. காட்டிக்கொண்டு வந்தவர் ஒரு கம்பியை இழுத்தார். மணி ஓய்ந்த பிறகும் அதன் அடியில் தொங்கிய சிறு ஊசல் ஆடிக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்டு ஓடி வருகிற பெண், எந்த அறையில் கூப்பிட்டார்கள் என்று அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாளாம். அது நிற்கும் வரை நான் அங்கேயே நின்றேன். 1931-ல் பிரிட்டனில் வீட்டுவேலை செய்த பெண்கள் 13 லட்சத்துக்குக் குறையாது. குளிர்காலத்தில் விடிவதற்கு முன்னே எழுந்து, விருந்தாளிகள் கண்விழிப்பதற்குள் அறை அறையாகத் தீ மூட்டியவர்கள் அவர்கள்.

சரி, அந்தக் கதைகள் இதை மறைக்கின்றனவா? மோசமானவை மறைக்கின்றன. அவற்றில் பணிப்பெண் அலறுவதற்கு மட்டும் வருவாள். நல்லவை அப்படி இல்லை. நீங்கள் சொன்ன நூலக அறைப் பிணம் 1942-ல் வந்த கிறிஸ்டி நாவலாக இருந்தால் அதன் முதல் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அது குளிர்காலக் கதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டு எஜமானி அரைத்தூக்கத்தில் கிடக்கிறாள். மாடிப்படியில் திரைச்சீலை வளையங்கள் நகரும் ஓசை, வெளியே துடைப்பமும் குப்பைமுறமும் உரசும் ஓசை, தூரத்தில் வாசல்கதவின் தாழ்ப்பாளை இழுக்கும் ஓசை. அவளுக்குப் பொழுது விடிவதே வேலைக்காரர்கள் எழுப்பும் சத்தத்தில்தான். அந்த வரிசை குலைந்தால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். துப்பறிகிறவருக்கும் கடைசியில் கைகொடுப்பது இந்த அன்றாட வரிசைதான். கிறிஸ்டியின் முதல் நாவலில் வெயில் கொளுத்தும் ஜூலையில் ஒரு அம்மாள் தன் அறையில் தீ மூட்டச் சொல்கிறாள். போர்க்காலச் சிக்கனத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வீணாக்காத வீடு அது. அப்படியிருக்க இந்தத் தீ எதற்கு என்று புவாரோ அங்கேயே நின்றுவிடுகிறார். மூட்டிய தீ ஒரு சாட்சி, மூட்டியவளும் சாட்சி.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இந்த வீடுகள் காலியாகத் தொடங்கின. பெண்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். பெருஞ்சொத்துக்கு மரண வரி 1949-ல் 80 சதவீதத்தைத் தொட்டது. 1952-ல் லண்டன் மேடையேறிய கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' நாடகத்தில் பனி சூழ்ந்த மாளிகை தங்கும் விடுதியாகிவிட்டது, இளம் தம்பதி தாங்களே சமைத்து, கொதிகலனையும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் சிரில் ஹேர் என்ற புனைபெயரில் ஒரு நீதிபதி 'ஆன் இங்கிலீஷ் மர்டர்' எழுதினார். கிறிஸ்துமஸ், பனி, சாகக் கிடக்கும் பிரபு, எல்லாவற்றையும் இழுத்துப்பிடித்து நிற்கும் பட்லர். அங்கே உண்மையைக் காண்பவர் நாஜி முகாமிலிருந்து தப்பிய யூத வரலாற்றாசிரியர், பழைய ஆவணங்களைப் படிக்க வந்தவர். நான் ஒரே ஒரு புத்தகம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கொலையை ரசிக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதைகளில் ஒருவர் இறந்ததும் எல்லா வேலையும் நிற்கிறது. அன்று அவர் என்ன சாப்பிட்டார், காப்பியைக் கொண்டுவந்தது யார், ஒன்பது மணிக்கு எந்த விளக்கு எரிந்தது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கடைசி நாள் மணிவாரியாகத் திரும்பக் கட்டியெழுப்பப்படுகிறது. முதல் உலகப்போரில் கல்லறைகூட இல்லாமல் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு இதை விழுந்து விழுந்து படித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உங்கள் வார்டில் அதற்கு நேரம் கிடையாது, படுக்கை அடுத்தவருக்கு வேண்டும். அம்மா விஷயத்தில் ஃபோனில் என்ன சொல்லியிருப்பார்கள்? "நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு..." அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள். அந்த "திடீர்னு"வுக்கு முந்தின பகல் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று உங்களையே நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். குற்றவாளியைத் தேடுவதுபோல வேண்டாம், ர. நீங்கள் வேலையில் இருந்தீர்கள்.

ஆனால் அந்தப் பகலை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒன்பது மாதம் ஆகிவிட்டதே என்று கூசாதீர்கள். காலையில் வேலைக்கு வரும் அக்காவுக்கு ஃபோன் போடுங்கள். முந்தின நாள் அம்மா என்ன சமைக்கச் சொன்னாள், எந்தப் புடவை கட்டியிருந்தாள், உங்களைப் பற்றி ஏதாவது பேசினாளா என்று கேளுங்கள். அவர் ஞாபகம் வைத்திருப்பார். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

'ஆன் இங்கிலீஷ் மர்டர்' அதற்குப் பிறகு படித்தால் போதும்.