தேங்காய்த் தொட்டிக் கரியில் பூந்தொட்டி செய்த கதை

தேங்காய்த் தொட்டி (சிரட்டை), உமி போன்ற கழிவைக் கரியாக்கிப் பொடித்து பிளாஸ்டிக்கில் கலந்தால் வலு கூடுமா, செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. சொந்தக்காரர் யாராவது கரி ஆலை நடத்துவார், தூளை மலிவாகத் தருவதாகச் சொல்லியிருப்பார். எனக்கு அந்தச் சொந்தக்காரர் காங்கேயத்தில் இருக்கும் மைத்துனர்.

கோவையில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் சிறிய மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தது ஐடிஐ. ஆய்வகத்தில் வேறு முடிவு வந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் ஆய்வகத்துக்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிற கவலை இல்லை.

வந்த தூளைப் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் மணியோடு நூற்றுக்கு இருபது பங்கு என்று வாளியில் கிளறி நேராக இயந்திரத்தின் வாயான ஹாப்பரில் கொட்டினேன். முதல் பூந்தொட்டியிலேயே வெள்ளிக் கோடுகள், உள்ளே குமிழ்கள். கரிக்கு உடம்பெல்லாம் துளை. மழைக்காலத்தில் திறந்த மூட்டையில் கிடந்தது காற்றிலிருந்த ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டது. பிளாஸ்டிக்கை உருக்கும் 220 டிகிரி பேரலுக்குள் அந்த ஈரம் ஆவியாகாமல் என்ன செய்யும்? போதாததற்கு தூள் அடியிலும் மணி மேலேயும் பிரிந்து நின்றன. ஒரு தொட்டி கன்னங்கரேல், அடுத்தது சாம்பல். பட்டறைப் பையன்கள் முகத்தைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது முறை தூளை 105 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து, உருக்கிக் கலக்கும் இரட்டை ஸ்க்ரூ இயந்திரம் உள்ளவரிடம் கூலிக்குக் கொடுத்து மணியாக்கி வாங்கினேன். மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பிலீனும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னார். கரிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இயல்பில் ஒட்டுறவு குறைவு, நடுவில் தரகர் வேண்டும். இந்த முறை தொட்டி அருமையாக வந்தது. அமுக்கினால் வளையவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன், விளிம்பு தெறித்துவிட்டது.

உங்களுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. கரி விறைப்பைக் கூட்டும், அடி தாங்கும் தன்மையைக் குறைக்கும். இரண்டையும் சேர்த்து ‘வலு’ என்று விற்பவரை நம்பாதீர்கள். பூந்தொட்டி, நாற்றுத் தட்டு செய்யலாம். வாளியும் கீல் வைத்த மூடியும் வேண்டாம்.

நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கரிக்கு எதிரி என்பார்கள். கரிக்குப் பதில் மரத்தூள் கலந்தால் 200 டிகிரியைத் தாண்டும்போது கருகத் தொடங்கும். கரி ஏற்கெனவே வெந்தது, நன்றாக வெந்திருந்தால் பேரலில் புகையாது. பிளாஸ்டிக்கில் வழக்கமாகக் கலக்கும் சுண்ணாம்புக்கல் தூளின் அடர்த்தி 2.7, கரிக்கு ஏறக்குறைய 1.5. நாம் பிளாஸ்டிக்கைக் கிலோவில் வாங்கி, தொட்டியை எண்ணிக்கையில் விற்கிறோம். கலக்கும் தூள் லேசானால் அதே எடையில் கூடுதல் தொட்டி வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் உமிக் கரியில் சிலிக்கா அதிகம், ஸ்க்ரூவைத் தேய்த்துவிடும். நிறமும் கறுப்பு ஒன்றுதான்.

‘மக்கும் தொட்டி’ என்று மட்டும் அச்சடிக்காதீர்கள். இருபது பங்கு கரி போனால் மீதி எண்பதும் பிளாஸ்டிக்தான். என்னிடம் வாங்கியவர் அப்படித்தான் அச்சடிக்கச் சொன்னார், மறுத்தேன். அந்தக் கோபமோ என்னவோ, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் எனக்கு ஏழாவது மாதம்தான் காசோலை வந்தது. அதிலும் ‘தூசிக் கழிவு’ என்று ஒரு பிடித்தம். எந்தத் தூசி என்று இன்றுவரை சொல்லவில்லை. சுற்றுச்சூழலுக்காக உருகுகிறவர்கள் பட்டறைக்காரன் வட்டி கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

உங்கள் சொந்தக்காரரிடம் முதலில் 25 கிலோ மட்டும் வாங்குங்கள், மூட்டையின் வாயைக் கட்டி வையுங்கள். எனக்கு மீந்த மூன்று மூட்டையும் தென்னை மரத்தடிக்குத்தான் போயின.