பதில்: வழக்குக்கு மும்பைதான் போக வேண்டுமா?

மார்த்தாண்டத்தில் வாங்கிய மின்சார ஸ்கூட்டர் நான்கே மாதத்தில் படுத்துவிட்டது, விற்ற நிறுவனத்தைக் கேட்டால் ‘ஒப்பந்தப்படி மும்பையில் நடுவர் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைப்பவர்) முன்புதான் பேச வேண்டும்’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து யார் வரப்போகிறார் என்ற தைரியம்தான் அவர்களுக்கு!

நீங்கள் கையெழுத்திட்ட அந்தப் பொடியெழுத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது. எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், உங்களுக்கு நாகர்கோவில். வண்டிக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டுகள்.

ஒன்றில் மட்டும் கவனம்: நடுவர் நியமனத்துக்குச் சம்மதம் கேட்டு அவர்கள் கடிதம் அனுப்பினால், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்; நடுவர் வழியை நீங்களே தேர்ந்தெடுத்ததாகிவிடும்.