பாஸ்டர் பெயரில் இடம் எழுதலாமா?

கேள்வி: பாளையங்கோட்டை பக்கத்தில் ஆறு வருடமாக வாடகை வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்தி வருகிறோம். இப்போது நாற்பது குடும்பங்கள் வருகின்றன. சபையில் ஒருவர் ஐந்து சென்ட் இடம் தருகிறார். அதைப் பாஸ்டர் பெயரில் எழுதலாமா, டிரஸ்ட் தொடங்க வேண்டுமா? வெளிநாட்டு உறவினர்களும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள்.

பதில்: பாஸ்டர் பெயரில் எழுதவே வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, பத்திரம் அவர் பெயரில் இருந்தால் சட்டப்படி அது அவருடைய சொந்தச் சொத்து. அவர் காலத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளைகளுக்குப் போகும். சபையார் காணிக்கை போட்டுக் கட்டிய ஆலயத்தில் வாரிசுகள் பங்கு கேட்டு நிற்பதை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப்போகும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகவும் பதியலாம். ஆனால் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தவறாமல் செய்ய ஆள் இருந்தால் சங்கம் நல்லது. இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவதே உங்களுக்கு எளிது.

அந்தப் பத்திரத்தில்தான் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மாதிரியை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பிறகு மாற்றுவது பெரிய பாடு. அறங்காவலர்கள் எத்தனை பேர், எத்தனை வருடம், ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை யார் தேர்ந்தெடுப்பது என்று தெளிவாக எழுதுங்கள். ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் பெரும்பான்மையாகக் கூடாது. சபையார் சம்மதம் இல்லாமல் இடத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, பாஸ்டர் மாறினாலும் சொத்து சபைக்கே, சபை கலைந்தால் இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்பவையும் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து. பாஸ்டரை நியமிப்பதும் நீக்குவதும் யார் கையில் என்பதைக் கூச்சப்படாமல் எழுதிவிடுங்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

அப்புறம் இடம். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பாருங்கள். அவருடைய அப்பா வழியில் வந்த இடமென்றால், கூடப்பிறந்தவர்களோடு பாகம் பிரித்தாயிற்றா என்று கேளுங்கள். பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம்) இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். அதன் பிறகே டிரஸ்ட் பெயருக்குத் தானப் பத்திரம். ஆலயம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வீட்டுக்கென்று பிளான் அனுமதி வாங்கி ஆலயம் எழுப்பினால், சீல் வைக்கும் நிலை வரலாம்.

டிரஸ்ட் பெயரில் பான் கார்டு எடுத்து, வருமான வரித்துறையிலும் பதியுங்கள். காணிக்கை கொடுப்பவர்களுக்கு வருமான வரிச்சலுகை (80ஜி) உண்டு என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். மதச் செலவே பிரதானமான அமைப்புக்கு அது கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கனடா குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்த அண்ணனே ஆனாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று வருடச் செயல்பாடும், அதில் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் கேட்பார்கள். அதுவரை அந்தப் பணத்தை பாஸ்டர் கணக்கிலும் வாங்க வேண்டாம்.

டிரஸ்ட் பதிந்துவிட்டதாலேயே உங்கள் பாஸ்டர் திருமணம் நடத்திவைக்க முடியாது. 1872ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று, சபையில் முதல் கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.