கம்பெனி பவுடர் டயட்டை டாக்டர் இல்லாமல், கையைக் கடிக்காத செலவில் பின்பற்ற முடியுமா?

கேள்வியின் சாரம் இது: காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் பாலில் கலக்கிக் குடிக்கும் பவுடர், மதியம் மட்டும் சோறு. வீடு தமிழ்நாடு, கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம். மாதச் செலவு தாங்கவில்லை, டாக்டரிடமும் காட்டவில்லை. செலவைக் குறைத்து இதையே தொடரலாமா?

தொடரலாம், எந்த அளவு டயட் என்பதைப் பொறுத்து. ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 கலோரி வரை வரும் திட்டத்தை, நோயும் மாத்திரையும் இல்லாத பெரியவர்கள் வீட்டிலேயே செய்யலாம். மூன்று வேளையும் வெறும் பவுடர், மொத்தம் 800 கலோரி என்றால் டாக்டர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. சுகர் நோயாளிகளை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான டைரக்ட் (DiRECT) என்ற ஆய்வைச் சொல்லித்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். 825 முதல் 853 கலோரி பவுடர் உணவில் தொடங்கி, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் இருந்தது உண்மை. ஆனால் முதல் நாளே சுகர், பிரஷர் மாத்திரைகளை நிறுத்தியது அங்கிருந்த டாக்டர்கள். பிறகும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதை விட்டுவிட்டுப் பவுடரை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் 1977, 78 வாக்கில் கொலாஜன் புரதத் திரவத்தை மட்டும் குடித்து எடை குறைத்தவர்களில் 60 பேர் அளவில் இறந்துபோனார்கள். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, திடீரென்று வந்த சாவு.

முதலில் யார் இதைத் தானாகத் தொடங்கக் கூடாது என்று பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது ஆகாதவர்கள், கிட்னி கோளாறு, பித்தப்பைக் கல், யூரிக் ஆசிட் தொல்லை உள்ளவர்கள், முன்பு சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கும் நோய் இருந்தவர்கள். இன்சுலினோ கிளிமிபிரைட் போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டைப் பாதியாக்கினால் அன்றைக்கே லோ சுகர் வரலாம். டாபாகிளிஃபுளோசின் வகை சுகர் மாத்திரை எடுப்பவர் சோற்றை ரொம்பக் குறைத்தால், சுகர் நார்மலாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். பிரஷர் மாத்திரை, அதிலும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்குத் தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு. தைராய்டு மாத்திரையைப் பொறுத்தவரை, வீட்டில் கலக்கும் ஷேக்கோ கம்பெனி பவுடரோ, நான்கு மணி நேரம் இடைவெளி விடுவதுதான் பாதுகாப்பு. பாலில் உள்ள கால்சியமும், பவுடரில் சேர்க்கும் சோயா, இரும்பும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

டாக்டரைப் பார்ப்பதுதான் இதில் மலிவான பகுதி, விலை எல்லாம் டப்பாவில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பரிசோதனை இலவசம். தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலையில் இருப்பவர்களுக்கு அங்குள்ள அரசு தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது. மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் போன் வழியாகவே காசில்லாமல் டாக்டரிடம் பேசலாம். தொடங்கும் முன் வெறும் வயிற்று சுகர், கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், பிரஷர் நான்கையும் ஒருமுறை பார்த்துவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

இனி டப்பா. 500 கிராம் டப்பா, ஒரு வேளைக்கு 25 கிராம் என்றால் 20 வேளை. நாளைக்கு இரண்டு வேளை என்றால் பத்து நாளில் காலி, மாதத்துக்கு மூன்று டப்பா. ஒரு டப்பா 2,000 ரூபாய் என்றே வைத்தாலும் 6,000 போகிறது. இங்கேதான் எல்லோரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்: ஒரு ஸ்கூப்பை அரை ஸ்கூப்பாக்கி, பாலில் பாதித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள். லேபிளில் பாருங்கள், பாலில் கலந்தால் இவ்வளவு புரதம் என்று போட்டிருக்கும். பல பவுடர்களில் அதில் பாதிக்குப் பக்கம் பாலில் இருந்து வருவதுதான். இரண்டையும் பாதியாக்கினால் வைட்டமினும் பாதி, புரதமும் பாதி. எடை குறையும், ஆனால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும். பவுடரை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஒரு வேளை அளவு குறையாமல் கம்பெனி பவுடர், மறுவேளை வீட்டு ஷேக் என்று வையுங்கள். முழுவதுமே வீட்டு ஷேக்குக்கு மாறினாலும் குறையில்லை.

வீட்டு ஷேக் இப்படி: டோன்டு பால் 200 மில்லி, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 20 கிராம், வறுத்து அரைத்த பொட்டுக்கடலை மாவு 15 கிராம், ஏலக்காயோ சுக்கோ கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை வேண்டாம். காய்ச்சி ஆறிய பாலில் பால் பவுடரை முதலில் கரைத்து, மாவைக் கடைசியில் போட்டு மிக்சியில் ஒரு சுற்று விட்டால் கட்டி விழாது. சூடான பாலில் மாவைக் கொட்டினால் கூழாகிவிடும். சுமார் 245 கலோரி, 16 கிராம் புரதம். செலவு 25 ரூபாய்க்குள் முடியும். கடையில் லட்டு மாவு, சத்துமாவு என்று கிடைப்பதைப் பொட்டுக்கடலைக்குப் பதில் போடாதீர்கள். அவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அதிகம். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த வேளைக்கு இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் வேகவைத்த சிறுபயறும் எடுக்கலாம்.

ஒரு நாள் கணக்கு: காலை ஷேக். பத்து, பதினொரு மணிக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு சின்னக் கொய்யா. மதியம் 60 கிராம் அரிசியில் சோறு (வேகும் முன் எடை), 100 கிராம் சாளை மீனோ அயிலை மீனோ, ஒரு தட்டு துவரன் (தேங்காய் போட்ட காய்கறிப் பொரியல்). இரவு ஷேக்கும் வெள்ளரிக்காய், கேரட் போன்றவையும். நாள் முழுவதற்கும் எண்ணெய் இரண்டு டீஸ்பூன், துருவிய தேங்காய் ஒரு டேபிள்ஸ்பூன். இது 1,200 கலோரியை ஒட்டி வரும், புரதம் 65 கிராம் பக்கம். ஆண்களும் உடலுழைப்பு உள்ளவர்களும் இதோடு 50 கிராம் சிறுபயறை அவித்துச் சேர்த்தால் 1,350-க்கு மேல் வரும். மீன் சாப்பிடாதவர்கள் மீனுக்குப் பதிலாகவும் அதே சிறுபயறை வைக்கலாம்.

நம் ஊரில் கணக்கு உடைவது தேங்காயில். அரைத்த மீன்குழம்பில் ஒரு ஆளுக்கு 40 கிராம் தேங்காய் போனால் அதுவே 150 கலோரி. தேங்காய் அரைக்காத புளிக்குழம்பான புளிமுளம் வைத்தால் அந்தத் தேங்காய் மிச்சம். அடுத்தது மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. 60 கிராம் அரிசிக்கு ஈடு 130 கிராம் மரச்சீனிதான், அதில் புரதம் ஒரு கிராம் பக்கம். கிழங்கும் மீனும் சாப்பிடும் அன்று சோறு கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய ஏத்தன் பழம் (நேந்திரம்) 180 கலோரி வரும், அதாவது முக்கால் ஷேக். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் சாயா நாளைக்கு நான்கு குடித்தால் ஒரு வேளைச் சாப்பாடே அதில் போய்விடும். பால் சேர்க்காத கட்டன் சாயா குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த டயட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவி அது ஒன்றுதான். கண்ணளவில் போட்ட சோறு அநேகமாக இரண்டு மடங்கு இருக்கும்.

ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். ஷேக்கைக் குடித்துவிட்டுப் போய், திரும்பி வந்ததும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஒரு டம்ளர் குடியுங்கள். சாப்பாடு குறைந்த முதல் வாரத்தில் உடம்பு நீரையும் உப்பையும் வெளியே தள்ளும். தலைச்சுற்றல் பெரும்பாலும் அதனால் வருவது.

அதே காரணத்தால்தான் முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்து மூன்றாம் வாரம் தராசு அசையாமல் நிற்கும். உடம்பில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்ததும் தண்ணீரும் போகிறது. அதைக் கொழுப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்கள், நின்றதும் மதியச் சோற்றையும் விட்டுவிடுகிறார்கள். வாரம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ போதும். ஒன்றரை கிலோவைத் தாண்டினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு ஏறுகிறது. எண்ணெயே இல்லாமல் சாப்பிடுவதும் அதே ஆபத்து. ஒரு வேளையிலாவது 7 முதல் 10 கிராம் கொழுப்பு இருந்தால்தான் பித்தப்பை சுருங்கித் தன்னைக் காலி செய்யும். மதியச் சாப்பாட்டில் மீனும் எண்ணெயும் தேங்காயும் வைத்திருப்பது அதற்காகவும்தான்.

மலச்சிக்கல் வந்தால் துவரனைக் கூட்டி, தண்ணீரை இரண்டரை லிட்டராக்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டினால் புரதம் குறைந்திருக்கும், அல்லது வேகம் கூடியிருக்கும். டப்பாவோடு தள்ளிவிடும் மூலிகை டீ, கொழுப்பு எரிக்கும் மாத்திரை இரண்டும் வேண்டாம். செறிவூட்டிய கிரீன் டீ சாறு ஈரலைப் பாதித்த சம்பவங்கள் உண்டு. நெஞ்சு படபடத்தல், மயக்கம், நிற்காத வாந்தி, வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கட்டன் சாயா நிறம், இவற்றில் ஒன்று வந்தாலும் டயட்டை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எவ்வளவு நாள் என்றால், 12 வாரம். எடையோடு தொப்புள் நேராக நாடாவால் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். இந்தியர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டருக்குக் கீழே வர வேண்டும். பிறகு இரவு ஷேக்கை ஒரேயடியாக விடாமல் முதல் வாரம் இரண்டு நாள், அடுத்த வாரம் நான்கு நாள் என்று இரண்டு தோசையோ சிறுபயறும் கஞ்சியுமோ வைத்து மாற்றுங்கள். காலை ஷேக்கை விட வேண்டிய அவசரமில்லை. மதியச் சோற்றை மட்டும் தராசில் நிறுப்பதை இன்னும் மூன்று மாதம் நிறுத்தாதீர்கள்.