பூனைக்குட்டி வளர்ப்பு: எதையும் கேளுங்கள், பாலைத் தவிர

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டது. இனி யார் வீட்டுப் பரணைப் பார்த்தாலும் மூன்று குட்டி கிடக்கும். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டில் ஏழு பூனை. டாக்டர் இல்லை, ஆய்வாளர். அதனால் மருந்து அளவு மட்டும் கேட்காதீர்கள். மற்றதற்கு இன்று முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

புளியரை: அண்ணாச்சி, நேற்று ராத்திரி மழையில் தொழுவத்துப் பின்னால் ஒரு குட்டி கிடந்தது. கண் திறக்கவில்லை. தாயைக் காணோம். பஞ்சில் பசும்பால் நனைத்து விட்டேன், குடிக்க மாட்டேன் என்கிறது.

தங்கச்சி, முதலில் பாலை நிறுத்து. உன் விரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார். சில்லென்று இருக்கிறதா? அப்படியென்றால் எந்தத் தீனியும் கூடாது. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் ஓடாது. உள்ளே போனது அப்படியே கிடக்கும், இல்லையென்றால் நுரையீரலுக்குப் போகும். பசியில் சாவதற்கு முன்னால் குளிரில் செத்துவிடும், அதுதான் இந்தச் சாரலில் நான் அதிகம் பார்த்தது.

ஈரத்தைத் துடை. ஒரு தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பழைய துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வை. சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் இடம் வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகும், அவசரப்படாதே.

சூடு வந்தபின் பால், அதுவும் பசும்பால் இல்லை. பூனைப் பாலை விட அதில் கொழுப்பும் புரதமும் குறைவு, பால் சர்க்கரை அதிகம். வயிற்றால் போகும். நூறு கிராம் உடம்புக்கு ஒருநாள் பேதி போதும், கதை முடிந்துவிடும். பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் விற்கிறார்கள், தென்காசியில் பிராணிகள் தீனிக் கடையில் கேள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்துக் கொடுக்காதே, புரை ஏறும். வயிறு கீழே இருக்கட்டும், தாயிடம் குடிப்பது போல.

குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவு. தாய் நாக்கால் நக்கினால்தான் இவற்றுக்கு மூத்திரமே போகும். மூன்று வாரம்வரை அந்த வேலை உன்னுடையது. தினம் எடை போடு. நான் ரவை நிறுக்கிற தராசில் ஒரு டப்பா மூடியை வைத்து அதில் குட்டியைப் போடுவேன். பிறக்கும்போது நூறு கிராமை ஒட்டி இருக்கும், நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அன்றே டாக்டர். கண் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் திறக்கும், நீ பிரித்துவிடாதே.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: குட்டி காய்ந்த இடத்தில் இருந்து, அதன் உடம்பும் சூடாக இருந்தால் உடனே தூக்கி வராதீர்கள். தாய் ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

பண்பொழி: தாயிடமிருந்து எப்போது பிரிக்கலாம்?

எட்டு வாரத்துக்கு முன்னால் வேண்டாம், பன்னிரண்டு என்றால் நல்லது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்ததுகளிடம்தான் கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரித்த குட்டி உங்கள் கையில் கற்றுக்கொள்ளும்.

கடையநல்லூர்: குட்டிக்கு ஒன்றரை மாதம். பசும்பால் கொடுக்கலாமா?

மேலே படியுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள், போதும்.

தென்காசி: என்னென்ன ஊசி, எப்போது?

எட்டு வாரத்தில் மூன்று நோய்க்கான கூட்டு ஊசி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப, பதினாறு வாரம் ஆகும்வரை. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடாவருடம். அந்த மூன்றில் பயங்கரமானது வாந்தி பேதியில் கொண்டுபோகிற பார்வோ வகைக் கிருமி. ஒரு குட்டி அதில் செத்த வீட்டில் கிருமி ஒரு வருடம்கூடக் கிடக்கும். சோப்புக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். பினாயில் ஊற்றினால் கிருமிக்கு முன்னால் அடுத்த குட்டி போய்விடும்.

பினாயில் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கிற பினால் வகைப் பொருளைப் பிரித்து வெளியேற்றுகிற வேலை பூனையின் ஈரலுக்குச் சரியாக வராது. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கியே உள்ளே போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வளர்த்த முதல் குட்டி அப்படித்தான் போயிற்று, துடைத்தது நான்தான். பாராசிட்டமாலும் அதே கதை: மனிதனுக்குத் தலைவலி போகிற ஒரு மாத்திரை பூனையைக் கொல்லும்.

இலஞ்சி: நாங்கள் சைவம். எங்கள் பழைய பூனை பதினான்கு வருஷம் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருந்தது. புதுக்குட்டிக்கும் அப்படியே பழக்கலாம் அல்லவா?

கூடாது மாமி. டாரின் என்று ஒரு சத்து. நாய் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். பூனைக்குப் போதுமான அளவு செய்யத் தெரியாது, அரிசியிலும் பருப்பிலும் அது கிடையாது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். 1987-ல் அமெரிக்காவில் பாக்கெட் தீனி தின்ற பூனைகளுக்கே இதயம் வீங்கியதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அதன்பிறகு தீனியில் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

இலஞ்சி: நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்கள் அமெரிக்காவைச் சொல்கிறீர்கள்.

சரி, ராத்திரி அது எங்கே போகும்?

இலஞ்சி: திண்ணையில் படுத்திருக்கும். ரொம்ப சாது.

இலஞ்சி, இன்னொருவர்: அண்ணாச்சி, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். மாமி வீட்டு வெள்ளைப் பூனைதானே? சாயங்காலமானால் எங்கள் கொல்லையில் வந்து உட்காரும். சாளைத் தலையும் குடலும் போடுவோம். போடாத அன்றைக்கு எலி பிடிக்கும்.

ஆரியங்காவு: எங்கள் பக்கத்துப் பூனைக்கெல்லாம் பச்சை மத்திதான் சேட்டா, ஒன்றும் ஆனதில்லை.

சேட்டா, மீன் சரி, பச்சை சரியில்லை. சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் உண்டு. தினமும் அதுவே போனால் பூனை தலை தொங்கித் தள்ளாடும். வேகவைத்து முள் எடுத்துப் போடுங்கள், மீன் மட்டுமே போடாதீர்கள்.

இலஞ்சி: பதினான்கு வருஷமாகவா?

இலஞ்சி, இன்னொருவர்: இருக்கும் மாமி. எங்கள் அப்பா காலத்திலிருந்தே வரும்.

தென்காசி: சைவம் என்பது மனிதன் எடுக்கிற விரதம். பூனைமேல் திணிப்பது பாவம்.

பண்பொழி: அப்படியானால் அவர்கள் பூனையே வளர்க்கக் கூடாதா?

போதும், இது பட்டிமன்றம் இல்லை. மாமிமேல் தப்பில்லை, கதவு திறந்திருந்த காலத்தில் பூனை தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. புதுக்குட்டியை வீட்டுக்குள் அடைத்து வளர்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த வழியும் இல்லை. குட்டிகளுக்கான பாக்கெட் தீனி வாங்குங்கள். உங்கள் கையால் மீன் தொட வேண்டியதில்லை.

இலஞ்சி: அடுப்படிக்குள் வைக்க மாட்டேன். திண்ணையில் வைக்கலாமா?

தாராளமாக. இறுக்கமாக மூடுகிற தகர டப்பாவில் வையுங்கள், சாரல் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

வடகரை: விளையாடும்போது நகம் பட்டு ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

மஞ்சளைக் கழுவு தம்பி. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. பிறகு அரசு மருத்துவமனை. வெறிநோய்க்கு ஊசி இலவசம், எந்தெந்த நாள் என்று அவர்கள் சொல்வார்கள். வீட்டுக் குட்டிதானே என்று இருந்துவிடாதே. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

அச்சன்புதூர்: மனைவி மாசமாக இருக்கிறாள். பூனையைக் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள்.

விட வேண்டாம். மலத்தட்டை நீங்கள் அள்ளுங்கள், தினமும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்றுதான் பயப்படுகிறார்கள். அது வெளியே வந்து ஒருநாளாவது கழிந்தால்தான் தொற்றும். அரைவேக்காட்டு இறைச்சியையும், கையுறை இல்லாமல் தோட்ட மண் கிளறுவதையும்தான் அவர் முக்கியமாகத் தவிர்க்க வேண்டும்.

மேக்கரை: பூத்தொடுக்கிற நூலை விழுங்கிவிட்டது. வாயில் நுனி தெரிகிறது, இழுக்கட்டுமா?

இழுக்காதீர்கள்! மறுமுனை குடலில் சுற்றியிருந்தால் குடலை அறுத்துவிடும். தீனி கொடுக்க வேண்டாம், இப்போதே டாக்டரிடம் தூக்குங்கள். பூனை வீட்டில் நூல், நார் எல்லாம் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

புனலூர்: மூன்று நிறப் பூனை ராசியா?

அநேகமாகப் பெண்ணாக இருக்கும். நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கலாம், அறுபத்து மூன்று நாளில் குட்டி. ராசியை விடுங்கள், கருத்தடைக்குத் தேதி வாங்குங்கள்.

சுரண்டை: குட்டிக்குப் பால் கொடுக்கலாமா, தண்ணீர் கலந்து?

தலைப்பைப் படித்தீர்களா?

கடையம்: ஆட்டுப்பால்?

அதிலும் அதே சர்க்கரைதான்.

புளியரை: அண்ணாச்சி, பவுடர் கிடைத்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் குடித்தது. துடைத்தேன், மூத்திரமும் போனது. தராசில் 94.

நாளை இதே நேரம் 104-ஐத் தொட வேண்டும். எழுதி வை. அந்தப் பாட்டில் இந்நேரம் ஆறியிருக்கும், போய் வெந்நீர் மாற்று.